சுருதிமானியும் தாளமானியும்

மட்டக்களப்பிலிருந்து ஒரு தந்தையார் எழுதிய கடிதம் சில கிழமைகளாக எம் மேசைமீது கிடக்கின்றது. அவருடைய மகள் வயலின் பயில்கின்றாள். வட இலங்கைச் சங்கீத சபையாரின் பரீட்சைக்குத் தோற்றவும் இருக்கின்றாள். இசைக் கருவிகள் விற்கும் கடையொன்றில், "ரியூனரும் மெற்றோனோமும் ஒன்றாய் அமைந்தது" என்று கூறிப் பலவகைப் பெட்டிகளை எடுத்துக் காட்டினார்களாம். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. "எதனை வாங்குவது? முதலில், வாங்கத்தான் வேண்டுமா?" என்று கேட்கின்றார். வீட்டுச் செலவைச் சுருக்கிப் பிள்ளையின் கலைக்கென்று பணம் ஒதுக்கும் பெற்றோர் எம் வாசகர்களுள்ளும் பலர் இருப்பராதலின், இக்கிழமை இப்பகுதியை அக்கேள்விக்கே அளிக்கின்றோம்.

ரியூனரைச் சுருதிமானி என்றும், மெற்றோனோமைத் தாளமானி என்றும் இங்கே அழைப்போம். சுருதிமானியின் தொழில் எளிது. மீட்டப்பட்ட ஒலியை அதிலுள்ள ஒலிவாங்கி ஏற்றுக்கொள்கின்றது. செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்று உள்ளே கணக்கிடப்படுகின்றது. மாணாக்கர் பௌதிகவியலிற் படிக்கும் மீடிறன் என்பது இதுவே. அந்த மீடிறனுக்கு மிக அண்மையில் உள்ள சுரத்தின் பெயர் கண்ணாடியிலே தோன்றும். ஒலி குறைந்திருந்தால் முள் இடப்புறம் சாயும். கூடியிருந்தால் வலப்புறம் சாயும். பொருந்தினால் நடுவில் நின்று பச்சை வெளிச்சம் காட்டும். முள் எவ்வளவு சாய்ந்தது என்பதை அளக்கும் அலகுக்குச் சதம் என்று பெயர். ரூபாய்க்கு நூறு சதம் போல, ஒரு சுரத்தானத்திலிருந்து அடுத்த சுரத்தானத்துக்கு நூறு சதம்; ஆகவே ஒரு தாயிக்கு 1200 சதம்.

இவ்வளவு தெளிவான கருவி வீட்டில் ஒரு வழக்கை உண்டாக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. எம் தமையனாரின் மகளுக்குப் பிறந்தநாட் பரிசாக இத்தகைய பெட்டியொன்றை நாமே வாங்கிக் கொடுத்தோம். கொடுத்த அன்றே ஒரு நட்டம் நேர்ந்தது. வயலினின் மெல்லிய தந்தி புதிதாகப் போடப்பட்டுத் தளர்ந்து கிடந்தது. வேண்டிய சுரத்தின் எழுத்துக் கண்ணாடியில் தெரியும்வரை முறுக்கினோம். எழுத்துத் தெரிந்தது; பிறகு தவறி மேலே சென்றுவிட்டோம்; அதே எழுத்து மீண்டும் வரட்டும் என்று மேலும் முறுக்கினோம். அது அடுத்த தாயியிலே வரவேண்டிய எழுத்து என்பதை நாம் உணருமுன் தந்தி "டங்" என்று அறுந்தது. எழுத்தை மாத்திரம் காட்டித் தாயியின் எண்ணைக் காட்டாத கருவிகள் பல உள்ளன. எழுத்தோடு எண்ணையும் காட்டும் கருவியாயின், முறுக்குகின்றவர் சற்றே நிதானிப்பார்.

அறுந்த தந்திக்குப் புதுத் தந்தி வந்தது. வழக்கு அதற்குப் பின்னரே எழுந்தது. பிள்ளை மாயாமாளவகௌளையிலே சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் முள்ளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சுரத்திலும் பச்சை வெளிச்சம் எரியும்படி விரல்களைப் பழக்கிக்கொண்டாள். வகுப்பிலே ஆசிரியை காந்தாரத்தை ஏற்கவில்லை. ஒரு மாலை கண்ணீரோடு எம்மிடம் வந்தாள்.

"சித்தப்பா, பச்சை வெளிச்சம் எரியுது. முள்ளும் நடுவிலதான் நிக்குது. ரீச்சர் மட்டும் காந்தாரம் கூடிப் போச்சு எண்டு சொல்லுறா. ஆர் சொல்லுறது சரி?"

எமக்கு விடை தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், இயந்திரம் பொய் சொல்லுமா என்ற எண்ணமே எமக்கும் இருந்தது. மறுநாட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பிள்ளையுடன் ஆசிரியையிடம் சென்றோம். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. பெட்டியை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "இது பிழை சொல்லேல்லை, ஐயா. இது பியானோவின்ர காந்தாரத்தைச் சொல்லுது. நான் தம்புராவின்ர காந்தாரத்தைக் கேட்கிறன்," என்றார். பின்பு தம்புராவை மீட்டிக்கொண்டு, "கண்ணை மூடு பிள்ளை. ஆறுதலா வில்லை இழு. அலை அடங்கிற இடத்தில விரலை நிப்பாட்டு," என்றார்.

பிள்ளை கண்ணை மூடி இழுத்தாள். முதலில் இரு நாதங்களும் ஒன்றோடொன்று மோதி ஒருவகை நடுக்கம் கேட்டது. விரல் மயிரிழை அளவு பின்வாங்கியது. நடுக்கம் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. அந்த வேளையில் வயலினும் தம்புராவும் ஒரே கருவிபோல ஒலித்ததை எம் போன்ற இசை கல்லாதாரும் உணர்ந்தோம். "இப்ப கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்," என்றார் ஆசிரியை. முள் நடுவிற்கு இடப்புறமாக, ஏறக்குறைய 14 சதம் தள்ளி நின்றது. பச்சை வெளிச்சம் இல்லை.

இதன் காரணத்தை மாணாக்கர் ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டே பார்க்கலாம். பெண்பிள்ளைகள் பலர் பாடும் 5 கட்டைச் சுருதியில் ஷட்ஜமொன்றின் மீடிறன் 392. தந்தியொன்று அதிரும்போது அதன் அடிப்படை ஒலி மாத்திரம் எழுவதில்லை. இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு, ஐம்மடங்கு என்று மேற்றொனிகளும் உடன் எழுகின்றன. ஐம்மடங்கான மேற்றொனி காந்தாரமே. தம்புரா மீட்டும்போது யாரும் வாசியாத காந்தாரம் ஒன்று தானாகவே பேசுவதை நம் வித்துவான்கள் நெடுங்காலமாக அறிவர். அதற்குச் சுயம்பு என்று பெயரும் இட்டனர். அந்தக் காந்தாரத்தோடு இழைய வேண்டுமாயின், ஷட்ஜத்துக்கும் அந்தரகாந்தாரத்துக்கும் உள்ள விகிதம் 4க்கு 5 ஆதல் வேண்டும். 392ஐ நான்கால் வகுத்து ஐந்தாற் பெருக்கினால் 490 வரும். சுருதிமானி பச்சை காட்டுவதோ ஏறக்குறைய 494இல். இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது பௌதிகவியலார் அடிப்பு என்று கூறும் நடுக்கம் எழாமல் என் செய்யும்?

மேலைத்தேயத்தார் பிழை செய்தார் என்று எவரும் எண்ணவேண்டா. பியானோவில் விசைகள் நிலையானவை. எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் வாசிக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதற்காக, அவர்கள் ஒரு தாயியைப் பன்னிரண்டு சமகூறுகளாகப் பிரித்தனர். எல்லா வாயில்களும் திறந்தன. அதற்கு விலையாகக் காந்தாரம் சிறிது உயர்ந்தது. கடையில் விற்கும் சுருதிமானிகள் பெரும்பாலும் இந்தச் சமகூற்றையே அறியும். ஒரே ஷட்ஜத்தை ஊன்றி நின்று தம்புராவோடு பாடும் நமக்கு அந்த விலையைக் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. சுரங்களின் விகிதங்களைக் கணிதத்தால் ஆராயும் வழி நமக்குப் புதியதும் அன்று. காரைதீவில் தோன்றிய சுவாமி விபுலானந்தர் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தம் யாழ்நூலிலே அந்த ஆராய்ச்சியைத் தமிழிலே செய்து வைத்திருக்கின்றார். உயர்தர வகுப்பு மாணாக்கர் அந்நூலின் சில பக்கங்களையேனும் புரட்டிப் பார்த்தல் நன்று. கணிதமும் தமிழும் இசையும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதைக் காண்பர்.

அப்படியானால் கருவி எதற்கு? ஷட்ஜத்துக்கு. வகுப்பிலே பத்துப் பிள்ளைகள் இருந்தால் பத்து வயலின்களும் ஒரே ஷட்ஜத்தில் நிற்கவேண்டும். வீட்டில் இருக்கும் சுருதிப்பெட்டி உண்மையிலே 5 கட்டையில் ஒலிக்கின்றதா, திருகாணி சற்று நகர்ந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரு நிமிடத்தில் ஐயமின்றிச் செய்து முடிக்கச் சுருதிமானியைப் போல வேறொன்று இல்லை. ஷட்ஜம் நின்றபின் பெட்டியை அணைத்துவிட்டுப் பஞ்சமத்தைக் காதினாலேயே சேர்க்கவேண்டும் என்பது அந்த ஆசிரியை விதித்த கட்டளை. பஞ்சமத்தில் முள்ளுக்கும் காதுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு சதம்தான். முள்ளைப் பார்த்துச் சேர்த்தாலும் பெருங்கேடு இல்லை. ஆனால் பஞ்சமத்தைக் காதினாற் சேர்த்துப் பழகாத பிள்ளை காந்தாரத்தை எப்படிக் கேட்டறியும்?

இனிக் கடைக்குச் செல்வோம். "வயலினுக்கு உரியது", "கிற்றாருக்கு உரியது" என்று எழுதிய மலிவான பெட்டிகள் அங்கே உண்டு. அவற்றுட் சில மேலைத்தேய முறைப்படி வயலினின் நான்கு தந்திகளுக்கும் ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு சுரங்களையே அறியும். நம் முறையில் 5 கட்டைக்குச் சேர்க்கும்போது தந்திகள் ஜி, டி, ஜி, டி என்று நிற்கும். 2 கட்டையாயின் முற்றிலும் வேறாகும். ஆகையால் பன்னிரண்டு சுரத்தானங்களையும் காட்டும் கருவியையே கேட்டு வாங்கவேண்டும். குரோமற்றிக் என்றால் கடைக்காரருக்கு விளங்கும். கண்ணாடியில் ஆங்கில எழுத்துக்களே வருமாதலால், 1 கட்டை ஸி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எவ், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ, 7 கட்டை பி என்பதைப் பிள்ளையின் கொப்பியிலே எழுதி வைத்துக்கொள்க. அரைக் கட்டைகளுக்கு அந்தந்த எழுத்தின் பக்கத்தில் ஒரு சிறு குறி தோன்றும். 3½ என்று ஒன்று இல்லை என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்து மகிழ்வார்கள்.

கண்ணாடியின் ஒரு மூலையில் 440 என்ற எண் காணப்படும். 6 கட்டையாகிய ஏ என்னும் சுரத்தைச் செக்கனுக்கு 440 அதிர்வாகக் கொள்ளும் உடன்பாட்டின் அடையாளம் அது. முன்னாளில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. பிரான்சு தேசத்தார் 1859இல் 435 என்று சட்டஞ் செய்தனர். 1939இல் இலண்டனிற் கூடிய மகாநாட்டில் 440 என்று முடிவாயிற்று. இந்த எண்ணை மாற்றுவதற்குப் பெட்டியிலே ஒரு பொத்தான் உண்டு. பைக்குள் அமுங்கியோ, தம்பி தங்கையர் கை பட்டோ அது 445க்கு நகர்ந்தால், அதன்பின் சேர்க்கும் சுருதி முழுவதும் ஏறக்குறைய 20 சதம் கூடிவிடும். முள் மாத்திரம் எப்போதும்போல் நடுவிலேயே நிற்கும்! பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அந்த எண்ணைப் பார்ப்பதைப் பிள்ளைக்கு வழக்கமாக்குதல் வேண்டும்.

மற்றொரு வேண்டுகோள்: முள் காட்டுவதோடு நில்லாமல், வேண்டிய சுரத்தைத் தானே ஒலித்துக் காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குக. 1711ஆம் ஆண்டளவில் ஜோன் ஷோர் என்னும் ஆங்கிலேய எக்காள வாத்தியக்காரர் உண்டாக்கிய இசைக்கவை இதைத்தான் செய்தது. இசைக்கவை ஒலியைக் கொடுத்தது. சேர்ப்பதைக் காதுக்கு விட்டது. முள்ளை மூடிவைத்து ஒலியை மாத்திரம் கேட்டுத் தந்தியைச் சேர்த்து, பின்பு முள்ளைத் திறந்து சரி பார்ப்பது வீட்டிலே பிள்ளைகளுக்கு நல்லதொரு விளையாட்டுமாகும்.

கௌவிக்கொள்ளும் சிறு கருவிகளும் உண்டு. இவை வயலினின் தலைப்பக்கத்திலோ கிற்றாரின் கழுத்திலோ பற்றிக்கொண்டு, மரத்தின் அதிர்வையே நேராக உணர்வன. பலர் ஒருங்கே வாசிக்கும் வகுப்பறையிலும், மேடைக்குப் பின்னால் தவில் முழங்கும் கோயில் வீதியிலும் ஒலிவாங்கி குழம்பிப்போகும், கௌவி குழம்பாது. ஆனால் அவற்றுட் பலவற்றில் ஒலித்துக் காட்டும் வசதியும் தாளமானியும் இல்லை. வீட்டுப் பயிற்சிக்கு மேசைமேல் வைக்கும் பெட்டியே எம் தெரிவு.

மிருதங்கம் பயில்வோர், தமக்கும் இக்கருவி உதவுமா என்று கேட்கலாம். சாதாரணப் பறையின் ஒலியிலே மேற்றொனிகள் ஒழுங்கின்றி எழுவதால் முள் அங்குமிங்கும் அலையும். வலந்தலையின் நடுவிலுள்ள கரிய கரணையோ மேற்றொனிகளை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியத்துக்கு ஒப்பாக்குகின்றது. சேர். சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்து எழுதினார். ஆதலால் வலந்தலையைச் சுருதி சேர்க்கச் சுருதிமானி ஓரளவு உதவும். எனினும் சுற்றிலுமுள்ள கண்கள் எல்லாம் ஒத்து ஒலிக்கின்றனவா என்பதைத் தட்டித் தட்டிக் காதினாற் காண்பதே விரைவு.

தாளமானியைப் பற்றி இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1814இல் அம்ஸ்ரர்டாம் நகரத்தில் விங்கெல் என்பவர் தலைகீழாக ஆடும் ஊசலைக் கொண்டு இதனை அமைத்தார். அடுத்த ஆண்டில் மெல்செல் என்பவர் அளவுகோலைச் சேர்த்து உரிமை பெற்றுக்கொண்டார். பெயரும் புகழும் அவருக்கே போயின. 1817இல் பேதோவன் தம் இசைக்கோலங்களுக்கு மெல்செல்லின் எண்களை வெளியிட்டார். பழைய மரக் கூம்பு சமதரையில் நிற்காவிட்டால் நொண்டும். இலத்திரனியற் கருவிக்கு அந்தக் குறை இல்லை.

நிமிடத்துக்கு 60 அடி என்று வைத்து, அடிக்கு ஒரு சுரம், இரண்டு சுரம், நான்கு சுரம் என்று சரளி வரிசையை மூன்று காலமும் வாசிப்பதற்கு இது நல்ல துணை. முதற்காலத்தில் அசைந்து அசைந்து செல்லும் பிள்ளை மூன்றாங்காலத்தில் ஓடத் தொடங்குவது எல்லார் வீட்டிலும் நடப்பதே. கருவி ஓடாது, பிள்ளைக்குத் தன் ஓட்டம் அப்போதுதான் தெரியும். வாங்கும்போது முதலடியில் மணி ஒலிக்கும் எண்ணிக்கையை எத்தனைவரை வைக்கலாம் என்று பார்க்க. மேலைத்தேய இசைக்கு 2, 3, 4 போதும். நமக்கு 5உம் 7உம் இன்றியமையாதவை. கண்டசாபுக்கும் மிசிரசாபுக்கும் வேறு வழியில்லை. ஆதிதாளத்துக்கு 8 இல்லையெனில் 4 வைத்தால் இலகுவின் தொடக்கத்திலும் முதலாம் திருதத்தின் தொடக்கத்திலும் மணி விழும், குறையொன்றுமில்லை. ரூபகத்துக்கு 3 போதும். அடியை மூன்றாகப் பிரித்துக் காட்டுவதாயின் திசிர நடைக்கும் உதவும்.

காதிற் செருகும் கேள்பொறிக்குத் துளை உண்டா என்பதையும் பார்க்க. மிருதங்கத்தின் முன் அந்தச் சிறு "டிக் டிக்" எங்கே கேட்கப் போகின்றது! சுருதிமானியும் தாளமானியும் ஒரே வேளையில் இயங்குமா என்பது விலையை உயர்த்தும் மற்றொரு வசதி. எம் அநுபவத்தில் அது வேண்டியதில்லை. சுருதி சேர்த்த பின்னரே தாளம். கருவி தட்டுகின்றதென்று கையாலே தாளம் போடுவதை நிறுத்திவிடாதிருக்கப் பாட்டுப் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க. பரீட்சை மண்டபத்தில் பெட்டி இராது.

கடிதம் எழுதிய அன்பர், கைத்தொலைபேசியில் இவையெல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றனவாமே என்றும் கேட்டிருக்கின்றார். உண்மைதான். நல்ல செயலிகள் பல உள்ளன. அளவிலும் அவை குறைந்தன அல்ல. வீட்டில் கைத்தொலைபேசி இருந்து, பணம் இறுக்கமாயுமிருந்தால், ஒரு சதமும் செலவிடாது அதனையே பயன்படுத்துக. அந்தப் பணத்துக்கு நல்ல தந்திகள் ஒரு சோடி வாங்கினால் வயலின் உங்களை வாழ்த்தும். ஆனால் பயிற்சியின் நடுவே யாரோ அழைப்பார். யாரோ படம் அனுப்புவார். பிள்ளை வயலினை மடியில் வைத்துவிட்டு அதைப் பார்ப்பாள். அந்தத் தொல்லை உங்கள் வீட்டில் உண்டானால் தனிப்பெட்டியின் விலை வீண்செலவாகாது.

வாங்குவதென்று துணிந்தால் பிள்ளையையும் வயலினையும் கடைக்கு அழைத்துச் செல்க. ஒரே தந்தியை மெல்லவும் பலமாகவும் இழுக்கச் சொல்லி, முள் ஓரிடத்தில் நிற்கின்றதா, தத்தளிக்கின்றதா என்று பார்க்க. ஒரு சதம்வரை நுட்பம் என்று பெட்டியில் எழுதியிருப்பதைவிட இது நம்பத்தக்க சோதனை. பொத்தான் போன்ற சிறு மின்கலத்தில் இயங்குவதைவிட, மெல்லிய சாதாரணப் பற்றரி இரண்டு போடும் கருவி நல்லது. கிராமத்துக் கடையிலும் அது கிடைக்கும். பள்ளி விடுமுறையில் பெட்டியைப் பூட்டி வைப்பதானால் பற்றரிகளை வெளியே எடுத்துவிடுக. எம் தமையனார் வீட்டிலே அவற்றை உள்ளேயே விட்டு வைத்தார்கள். பச்சை நிறமாய் ஊறிக் கசிந்து செப்புத் தகடுகளை அரித்துவிட்டன. பிள்ளை அதற்காக வருந்தினாளா என்று விசாரித்தோம். இப்போது அவள் வகுப்புக்குப் புறப்படுமுன் சுருதிப்பெட்டியைப் போட்டு, நான்கு தந்திகளையும் காதினாலேயே சேர்த்துவிடுகின்றாளாம். பெட்டியைத் திருத்திக் கொடுத்தாலென்ன என்று தாயார் மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.